பால்மாப் பேணிக்குள் இரண்டாயிரம் ரவை

என் கணவர் சனிக்கிழமைகளில் துவக்குச் சுடப் போகிறவர் என்பதை ரொறன்ரோவில் ஒரு தமிழ்ச் சனத்துக்கும் நான் வாய் திறந்து சொன்னதில்லை. நீளப் பையோடு அவர் லிஃப்ரில் இறங்குவதைக் கண்ட பக்கத்து வீட்டு அன்ரி, "தம்பி மீன் பிடிக்கவோ போறார்?" என்று கேட்டா. "ஓம் அன்ரி," என்று சொல்லித் தப்பினேன். பிறகு வாராவாரம், "எங்கை பிள்ளை மீன்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டா. இரண்டு தரம் கடையில் மீன் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். வேறென்ன செய்ய? துவக்கென்று சொன்னால் அடுத்த கேள்வி எந்த இயக்கம் என்பதாகத்தான் இருக்கும். விளையாட்டுக்காகக் கடதாசியைச் சுடுகிற சாதி ஒன்றும் உலகத்தில் இருக்கிறதென்று எங்கள் சனத்துக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை.

எனக்கே முதலில் விளங்கவில்லை. மோர்னிங்சைட் பக்கம் பத்தாம் மாடியில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்றுக்குள் அவர் அந்த றைபிளைக் கொண்டுவந்த நாளில் நான் போட்ட கூச்சல் கீழ்மாடிவரை கேட்டிருக்கும்.

"உந்தக் கண்டறியாத சாமானிலிருந்து தப்பி ஓடித்தானே இஞ்ச வந்தனாங்கள்? உதை ஏன் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வாறியள்? விசரே உங்களுக்கு?"

அவர் சத்தம் போடாத மனிசன். "இது சண்டைச் சாமான் இல்லையப்பா. இருபத்திரண்டு எண்டுற சின்னத் தோட்டாவுக்கான றைபிள். கடதாசியில ஓட்டை போடுறதுக்கு மட்டுந்தான்," என்றார்.

ஊரில் கல்லூரியில் படிக்கும்போது மாணவர் கடேற் படையில் இருந்தவர். அங்கே சுடக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், நன்றாகச் சுட்டுமிருக்கிறார். அதெல்லாம் கலியாணத்துக்கு முந்திய கதை, எனக்குத் தெரியாது. ரொறன்ரோவில் அவருக்குப் பிளாஸ்ரிக் மூடி செய்கிற தொழிற்சாலையில் வேலை. எட்டு மணித்தியாலம் மெசினுக்கு முன்னால் நிற்கிற மனிசனை அங்கே ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "ஹேய்" என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே மெசின் திருத்துகிற ஒரு வெள்ளைக்காரர், அறுபது வயசிருக்கும், சாப்பாட்டு இடைவேளைக் கதையில் இவருடைய கடேற் கதையைக் கேட்டுவிட்டு ஒரு சனிக்கிழமை தன்னுடைய கிளப்புக்கு அழைத்துக்கொண்டு போனார். ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறை, வரிசையாகப் பாய், தூரத்தில் வெளிச்சம் போட்ட கடதாசி. முதல் நாளே இவர் சுட்ட கடதாசியைச் சுவரில் குத்திவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். பொலிஸ் பத்திரம் எடுத்து, பழைய றைபிள் ஒன்றை வாங்கி, கிளப்பில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

வீட்டிலும் பயிற்சி. ரவை, அதுதான் தோட்டா, போடாமல் வெறும் றைபிளோடு கம்பளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு அரை மணித்தியாலம் குறி பார்ப்பார். குறிக்குக் கறுப்புப் புள்ளி வேண்டுமென்று என்னுடைய ஒட்டுப்பொட்டை எடுத்துப் பல்கனிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார். "தாலி கட்டின மனிசியின்ர பொட்டையோ குறி பாக்கிறியள்?" என்று நான் பகிடி பண்ணுவேன். நான் அவரைத் தாண்டிக் குசினிக்குப் போவேன், வருவேன், அவர் அசைய மாட்டார். கோபம் வந்தாலும், உள்ளுக்குள் எனக்குச் சந்தோசமும் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அந்த மனிசன் ஒன்றை ஆசைப்பட்டுச் செய்தது அதுதான்.

மூன்றாவது வருடம் மாகாண அணிக்குத் தெரிவுப்போட்டி வந்தது. ஐந்து பேரை எடுத்து, மேற்கே நாடு தழுவிய போட்டிக்கு அனுப்புவார்கள். மெசின்காரர் இவரிடம், "இந்த முறை நீ போகிறாய்," என்று அடித்துச் சொல்லிவிட்டார். இவர் இரவுச் சாப்பாட்டின்போது, பிட்டைக் குழைத்துக்கொண்டே, "அணிக்கு ஒரு மேற்சட்டை குடுப்பினமாம், முதுகில மாகாணத்தின்ர பேர் இருக்குமாம்," என்றார். நாற்பத்து நாலு வயசு மனிசன். நான் இன்னொரு பிடி பிட்டை அவருடைய கோப்பையில் வைத்தேன்.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்லியாக வேண்டும். அப்போது எனக்குத் தெரியாத விசயம், தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. குறி பார்த்துச் சுடுகிறவர்களுக்கு எல்லா ரவையும் ஒன்றில்லை. ஒரே கொம்பனி, ஒரே பெட்டி, ஒரே விலை, ஆனாலும் ஒருநாள் ஒரு மெசினில் செய்த தொகுதியும் இன்னொரு நாள் செய்த தொகுதியும் வேறு வேறு மாதிரிப் போகும். எந்தத் தொகுதி எந்த றைபிளுக்குப் பிடிக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது, சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். பெட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு இலக்கம் அடித்திருக்கும். அதை லொட் நம்பர் என்பார்கள். ரவையில் அந்த இலக்கம் இல்லை, பெட்டியில் மட்டுந்தான்.

முந்திய இலையுதிர் காலத்தில் இவரும் மெசின்காரரும் ஏழெட்டு லொட்டில் ஒவ்வொரு பெட்டியாக வாங்கி, ஒரு நாள் முழுக்கச் சுட்டுப் பார்த்தார்கள். ஒரு லொட் மட்டும் இவருடைய றைபிளுக்குள் போனதும் ஒரே ஓட்டைக்குள் போய் விழுந்ததாம். கலியாணப் பொருத்தம் பார்த்த மாதிரி, அதற்கென்றே பிறந்தது. இவர் ஓடிப்போய்க் கடையில் அந்த லொட்டில் கிடந்த ஐம்பது பெட்டியையும் வாங்கிக்கொண்டு வந்தார். கிழக்கு ஐரோப்பாவில் எங்கேயோ செய்த ரவை, மலிவு. வைகாசிவரை பயிற்சிக்கும் ஆனியில் தெரிவுப்போட்டிக்கும் காணும் என்றார். "ஐம்பது பெட்டியோ? வீட்டை என்ன கோட்டையாக்கப் போறியளோ?" என்று நான் ஏசினேன். அவ்வளவுதான் எனக்கு அதைப்பற்றித் தெரிந்தது.

பிறகுதான் தடை வந்தது. நாங்கள் இருக்கிற நாட்டில்கூட இல்லை, தெற்கே அமெரிக்காவில். சீனாவிலிருந்து வருகிற துவக்கும் ரவையும் இனி இறக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். இவர் சுடுவது சீனத்து ரவையும் இல்லை. பிறகென்ன என்று நினைத்தால், அங்கேதான் விளையாட்டு. மலிவான சீனத்து ரவை இல்லாமல் போனதும் அமெரிக்காக்காரன் மற்ற நாட்டு ரவையெல்லாவற்றையும் அள்ளத் தொடங்கினான். எங்களுக்கு வர வேண்டிய பெட்டியும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இது கடைக்காரன் சொன்ன கணக்கு. உண்மையோ பொய்யோ, இரண்டு மாதத்துக்குள் கடைத் தட்டு காலி.

ஒரு சனிக்கிழமை சாமான் வாங்கப் போகும் வழியில் அவரோடு நானும் அந்தக் கடைக்குப் போனேன். முன்பு கூரைவரைக்கும் அடுக்கியிருந்த இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் பெட்டிகள். ஆளுக்கு இரண்டு பெட்டிதான் என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். வரிசையில் நின்றவன் இரண்டு பெட்டியை வாங்கிக் காரில் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிப்போட்டுத் திரும்பவும் வந்து வரிசையில் நின்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இதெல்லாம் எங்களுக்குப் பழகின கூத்து. யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை போட்ட காலத்தில் சங்கக்கடையில் சவுக்காரத்துக்கு நின்ற வரிசை இதே வரிசைதான். ஆளும் நிறமும் வேறு, அவ்வளவுதான்.

ஒரு பெட்டியை எடுத்து விலைத்துண்டை நகத்தால் சுரண்டினேன். கீழே இன்னொரு விலை. அதையும் சுரண்டினேன், அதற்குக் கீழேயும் ஒன்று. அடியில் இருந்தது மேலே இருந்ததில் பாதியும் வராது. தடை வரமுன்னரே கடைக்குள் கிடந்த பெட்டிதானே! அதற்கேன் விலை ஏறினது?

"எரியிற வீட்டில பிடுங்கினது லாபம். எந்த ஊர் யாவாரியும் ஒரே கோதாரிதான்," என்று தமிழில் சத்தமாகவே சொன்னேன். கடைக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கணவர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கிளப்பும் வாடத் தொடங்கியது. புதிதாகப் பழக வருகிறவர்களின் வகுப்பை நிறுத்தினார்கள். செவ்வாய்க்கிழமைப் பயிற்சி இல்லாமல் போனது. ஐம்பது சுட்டவன் இருபது சுட்டான். சிலர் வீட்டு நிலவறைக்குள் ஆயிரக்கணக்கில் ஒளித்து வைத்துக்கொண்டு, கிளப்பில் வந்து, "உன்னிடம் ஒரு பெட்டி இருக்குமா?" என்று மற்றவனைக் கேட்டார்களாம். இவர் மட்டும் பதறவில்லை. "எனக்குத் தேவையானது அலுமாரிக்குள்ள இருக்கு," என்றார்.

அதுதான் என் பிரச்சினையாகப் போனது. அலுமாரிக்குள் இருந்ததுதான்.

எங்களை அகதியாக ஏற்றுக்கொண்டிருந்தார்களே தவிர, நிரந்தர வதிவிடத்துக்கான லாண்டிங் பேப்பர் இன்னும் வரவில்லை. ஆயுதப் பயிற்சி எப்போதாவது எடுத்தீர்களா என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தார்கள். பாதுகாப்பு விசாரணை முடியவில்லை என்று இரண்டு வருடமாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் படுக்கையறை அலுமாரிக்குள் பெட்டி பெட்டியாய் ரவை. அவரிடம் சொன்னேன். அவர், "எல்லாம் சட்டப்படிதானப்பா. பொலிஸ் தந்த பத்திரம் இருக்கு. தடை கப்பலுக்குத்தான், வீட்டுக்கு இல்லை," என்றார்.

"ஊரில நாங்கள் பற்றறி வச்சிருந்ததும் சட்டப்படிதான், முதல் நாள் வரைக்கும்," என்றேன் நான்.

அவர் பற்றறியும் சவுக்காரமும் தடுத்த அந்தப் பொருளாதாரத் தடைக்காலத்துக்கு முதலே வெளிக்கிட்டு வந்துவிட்டவர். நான் இருந்து அனுபவித்துவிட்டு வந்தவள். சவுக்காரத்தை நூலால் நாலாக அறுத்துப் பாவித்தவள். பற்றறி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீட்டில் இருந்தவள். பாஸ்போட் அலுவலாகக் கொழும்புக்குப் போய்த் திரும்பும்போது அப்பாவின் வானொலிக்கு நாலு பற்றறி வாங்கி, உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, பால்மாத் தகரப் பேணிக்குள் மாவுக்கு அடியில் புதைத்துக் கொண்டுவந்தேன். சோதனைச்சாவடியில் எனக்கு முன்னால் நின்ற மனிசி இரண்டு பற்றறியைச் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தா. அவவை ஒரு பக்கமாய் நிறுத்தி வைத்தார்கள். என்னுடைய பேணியை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். எங்கள் பஸ் அவவை விட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டது. அந்த மனிசிக்கு என்ன நடந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்று நான் படித்த பாடம் ஒன்றுதான்: தடை கப்பலில் தொடங்கும், வீட்டில் வந்து முடியும்.

சித்திரை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கதவில் துண்டு ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை கட்டடக்காரர் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்து புகை எச்சரிக்கைக் கருவி சோதிப்பார்களாம். படுக்கையறைக்குள்ளும் வருவார்களாம். எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரண்டவள்.

புதன்கிழமை மத்தியானம் அவர் வேலைக்குப் போன பிறகு அலுமாரியைத் திறந்தேன். பூட்டுத் திறப்பு எங்கே வைப்பாரென்று எனக்குத் தெரியாதா? அவருடைய அந்த லொட்டில் முப்பது பெட்டி மிச்சமிருந்தது. ஒரு மூலையில் இலையுதிர் காலத்தில் சோதித்துப் பார்த்த மற்ற லொட்டுகளின் மீதியும், பயிற்சிக்கென்று வாங்கிய மலிவுப் பெட்டிகளும் ஒரு பத்துக் கிடந்தன, பெட்டிக்கு ஐம்பது ரவை. எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பினேன். ஒவ்வொரு பெட்டியாய் உடைத்து, ரவையை நாலு பால்மாப் பேணிக்குள் கொட்டினேன். பேணி மட்டமாய் நிரம்ப வேண்டுமென்று ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டு, நன்றாய்க் குலுக்கி, மேலே ஒரு சுண்டு அரிசி பரப்பி, குசினித் தட்டில் மா, சீனிப் பேணிகளுக்குப் பின்னால் வைத்தேன். பெட்டிகளைத் துண்டு துண்டாய்க் கிழித்து, வாசலுக்கு வெளியே இருக்கிற குப்பைக்குழாய்க்குள் மூன்று தரமாய்ப் போட்டேன். ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை. என்ன கெட்டித்தனம்! முடித்துவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். நிம்மதியாய் இருந்தது.

அவர் வந்ததும் வராததுமாய்க் குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய் ஒரு பேணியைத் திறந்து காட்டினேன். பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நாளைக்கு எவன் வந்தாலும் ஒண்டும் கண்டுபிடியான்," என்றேன்.

அவர் அரிசியை விலக்கிப் பார்த்தார். "பெட்டியள் எங்கை?"

"கிழிச்சுக் குப்பைக்குழாயுக்குள்ள போட்டாச்சு."

"எல்லாத்தையுமோ?"

"ஓம். அந்த உதிரிப் பெட்டியளையும் சேத்துத்தான்."

"வேற வேறயாய்ப் போட்டனீரோ, ஒண்டாய்ப் போட்டனீரோ?"

"ஒண்டாய்த்தான். நல்லாய்க் குலுக்கி அடக்கினபடியாத்தான் நாலு பேணிக்குள்ள கொண்டுது."

அவர் பேணியின் மூடியைத் திருப்பிப் போட்டார். கதிரையை இழுத்து இருந்தார். பிறகுதான் லொட் கதையை எனக்குச் சொன்னார், சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, மெதுவாய், கோபமில்லாமல். முடிவில் அந்த இலக்கத்தைச் சொன்னார். பிறந்த திகதி மாதிரிப் பாடமாய் வைத்திருந்தார். அதை வைத்து என்ன செய்ய? கடையில் அந்த லொட்டில் ஒரு பெட்டியும் இல்லை. நாட்டிலேயே இல்லை. தடைக்கு முன்னால் வந்து இறங்கிய தொகுதி அது, இனி வராது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

வியாழக்கிழமை கட்டடக்காரன் வந்தான். கூரையில் இருந்த கருவியின் பொத்தானை அமத்தினான், அது கீச்சிட்டது, "தாங்க் யூ" என்றான், போனான். ஒரு நிமிசம் நின்றிருப்பான். அலுமாரிப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவனைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல் இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு ஒரு மாதம் வேலையால் வந்து சாப்பிட்டதும் அவர் ஒரு பழைய துவாயைக் குசினி மேசையில் விரித்து, ரவைகளைக் கொட்டி, ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மெழுகு கொஞ்சம் மங்கல், ஈயம் கொஞ்சம் கறுப்பு என்று தரம் பிரித்தார். சின்னத் தராசொன்றை வாங்கி நிறுத்தார். விளிம்பின் தடிப்பை அளந்தார். நான் பக்கத்தில் இருந்து அரிசி பொறுக்கிற மாதிரிப் பொறுக்கினேன். "இது அதுவோ? இது அதுவோ?" என்று கேட்பேன். "இருக்கலாம்," என்பார். அவருக்கே தெரியாது. எட்டு லொட்டும் ஒரே கொம்பனி, ஒரு தாய்ப் பிள்ளைகள் மாதிரி.

புதிதாய் வாங்கலாம் என்று நகரம் முழுக்க ரெலிபோன் அடித்தார். மிசிசாகாவில் ஒரு கடையில் இரண்டு பெட்டி இருந்தது, மூன்று மடங்கு விலை. போய் வாங்கி வந்து பத்துச் சுட்டுப் பார்த்தார். அவருடைய றைபிளுக்கு அது பிடிக்கவில்லை. எங்கெங்கோ போய் விழுந்தது.

"நான் அந்த மெசின்காரரிட்டச் சொல்லட்டோ? அவர் ஏதும் வழி சொல்லுவார்," என்றேன்.

"வேண்டாம்," என்றார். "ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்."

போட்டிக்கு முதல் நாள் சுடும்போது போடுகிற தன்னுடைய மேலங்கியின் பைக்குள் கைவிட்டவர் அப்படியே நின்றார். வெளியே எடுத்து எண்ணினார். பதினொரு ரவை. நான் பேணிக்குள் கொட்ட முன்னர் நடந்த கடைசிப் பயிற்சியில் பாவித்த பெட்டியின் மீதியைப் பைக்குள் போட்டுவிட்டு மறந்திருக்கிறார். என் கைக்குத் தப்பிய பதினொன்று. "ஒண்டு பதம் பாக்க, பத்து எண்ணுறதுக்கு," என்றார். சுட வேண்டியது அறுபது.

போட்டியன்று நானும் கூடப் போனேன், முதலும் கடைசியுமாக. நகரத்துக்கு வடக்கே வெளியான இடம், பசும்புல், நல்ல வெயில். மெசின்காரர் என்னைத் தன் பக்கத்தில் இருத்தி, முக்காலியில் பூட்டிய தொலைநோக்கிக்குள் பார்க்கச் சொன்னார். கணவர் படுத்தார், மூச்சை விட்டார், சுட்டார். முதல் பத்தும் நடுவிலே. ஒரே ஓட்டை, கொஞ்சம் கொஞ்சமாய்ப் பெருத்தது, அவ்வளவுதான். மெசின்காரர் என் தோளில் தட்டி, பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். நூற்றுக்கு நூறு.

அதன்பிறகு அவர் சின்னத் துணிப்பைக்குள் கைவிட்டு எங்கள் குசினி மேசையில் பொறுக்கியதை எடுத்தார். பத்து, பத்து, ஒன்பது. பிறகு மேலே ஒரு எட்டு. பிறகு பத்து. பிறகு கீழே ஒரு ஏழு. அவர் அசையவில்லை, அதே மூச்சு, அதே விரல். ஓட்டைதான் அங்குமிங்கும் அலைந்தது. மெசின்காரர் முணுமுணுத்தார். திருப்பித் திருப்பிக் கண்ணாடிக்குள் பார்த்தார். எனக்கு மட்டும் தெரியும் ஏன் என்று, வாயைத் திறக்க முடியாது. ஒவ்வொரு ஏழும் எட்டும் நான் குலுக்கிய குலுக்கு.

நாலு புள்ளியால் ஆறாவதாய் வந்தார். ஐந்து பேரைத்தான் எடுத்தார்கள். எல்லோரும் கைகொடுத்தார்கள். திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் நான், "ஏசுங்கோ. ஒரு சொல்லாவது ஏசுங்கோ," என்றேன். "காத்து மாறி அடிச்சுதப்பா," என்றார். காற்றே இல்லாத நாள் அது.

அதற்குப் பிறகு அவர் கிளப்புக்குப் போகவில்லை. முதல் சனிக்கிழமை தலையிடி என்றார். அடுத்தது மழை என்றார். றைபிளை எண்ணெய் பூசித் துணியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். என்னில் கோபம், ஆறினால் போவார் என்று இருந்தேன். கார்த்திகை மாதம் நானே தனியாகப் பஸ் ஏறி அந்தக் கடைக்குப் போனேன். தட்டு நிறையப் பெட்டி! ஆளுக்கு இரண்டு என்ற துண்டைக் கழற்றிவிட்டார்கள். சீனத்துத் தடை அப்படியே இருக்கிறது, அதற்கென்ன, வேறு நாட்டான் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டான். விலையும் இறங்கியிருந்தது, ஆனால் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. ஏறின விலை அப்படி இறங்கி நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. வேறு வேறு லொட்டில் ஆறு பெட்டி வாங்கினேன், இலக்கம் பார்த்து வாங்கினேன். கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். "நல்லது," என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பூட்டினது பூட்டினதுதான்.

மாசி மாதம் சாமான் கடையில் மெசின்காரரைக் கண்டேன். அவர் வேலையிலிருந்து இளைப்பாறி இருந்தார். என்னைக் கண்டதும் தள்ளுவண்டியை விட்டுவிட்டு வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். "அவனுடைய கண் இப்போது எப்படி?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "டொக்டர் இனிச் சுட வேண்டாம் என்று சொல்லிவிட்டாராமே. போட்டியன்று நானே பார்த்தேன், பத்துக்குப் பிறகு கண் களைத்துவிட்டது. பாவம். அப்படி ஒரு கை, இப்படி ஒரு கண்." அவருடைய ஆங்கிலத்தில் எனக்கு விளங்கியது அவ்வளவு. போதுமானதாயிருந்தது. நான் தலையாட்டினேன், "தாங்க் யூ" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சோபாவில் இருந்து தமிழ்ப் பேப்பரில் மரண அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்தார். எறும்பு மாதிரி எழுத்து. கண்ணாடி இல்லை.

"இஞ்சருங்கோ, உங்கட கண்ணுக்கு என்ன?"

அவர் பேப்பரைக் கீழே இறக்கினார். சாமான் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆரைக் கண்டனீர்?"

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? நான் செய்த வேலை எண்டு சொல்லியிருக்கலாமே!"

"என்னெண்டு சொல்லுறது? என்ர மனிசி எல்லாத்தையும் பால்மாப் பேணிக்குள்ள கொட்டிப்போட்டா எண்டோ? சிரிப்பாங்கள். சிரிக்கட்டும், அது பரவாயில்லை. பிறகு ஏன் ஒளிச்சவா எண்டு கேப்பாங்கள். ரவையை வீட்டுக்குள்ள ஒளிக்கிற தமிழர் ஆக்கள் எண்டு ஒருத்தன் ஒரு இடத்தில போய்ச் சொன்னால் காணும். லாண்டிங் பேப்பர் இன்னும் வரேல்லை."

என்னைச் சொல்லிச் சிரிக்க விடாமல் காப்பாற்றினார் என்றால்கூட அழுதுவிட்டுப் போயிருப்பேன். இந்த மனிசன் என் பயத்தையே எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவருக்கு இல்லாத பயம் அது. நான்தான் கொடுத்தேன்.

"பேப்பர் வந்தாப் பிறகு போங்கோ. கண் சுகமாப் போச்சு எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

"நாப்பத்தஞ்சு வயசில போன கண் திரும்பி வராதப்பா. அது அவங்களுக்கும் தெரியும்," என்றார். சொல்லிவிட்டுப் பேப்பரைத் தூக்கினார்.

நான் அன்று கத்தினேன். ஏசியிருக்கலாமே என்று கத்தினேன். ஒருநாள் நல்லாய் ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்போம், மூன்றாம் நாள் அவர் றைபிளை எடுத்துக்கொண்டு போயிருப்பார். சத்தம் போடத் தெரியாத மனிசனைக் கட்டினால் இதுதான் வாழ்க்கை என்றும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

லாண்டிங் பேப்பர் அடுத்த வருடம் வந்தது. றைபிளைப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்து வந்த ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார். பனிக்காலத்தில் தரிப்பிடத்தில் நிற்கும்போது, தூரத்தில் வருகிற பஸ்ஸின் இலக்கத்தை எல்லோருக்கும் முதல் வாசித்துச் சொல்கிறவர் அவர்தான். அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் அந்தக் கண்களுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.